காலிப் பெட்டிக்கும் ஏணி வை

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது அறிவுரை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு அறிவுரை வராது, கோபம்தான் வரும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது குறைந்தபாடில்லை. பரவாயில்லை அக்கா, அதையே எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

அண்மையில் உங்கள் பயிற்சிக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு தம்பி கேட்டார். "அக்கா, அந்தப் பெட்டி ரொம்ப நாளா எம்ப்ட்டிதானே? ஒவ்வொரு தடவையும் ஏணி வெச்சு ஏறிப் பாக்கணுமா? டைம் வேஸ்ட் லா." எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் அந்தத் தம்பி கேட்ட கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் ஒரு தோட்ட மேனேஜர். அவர் டைம் வேஸ்ட் என்பதற்காகக் கேட்கவில்லை.

நம் வேலையில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றி எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள், அவற்றை ஒட்டி ஆற்றோரமாக மிச்சமிருக்கும் காடு, அங்கிருந்து கோலசிலாங்கூர் வரை உள்ள வயல்கள். இங்கெல்லாம் எந்தப் பறவை இருக்கிறது, எந்த விலங்கு இருக்கிறது, எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கிறோம். ஒரே இடத்தில், ஒரே மாதிரி, வருஷக்கணக்காகப் பார்க்கிறோம். வெளியே சொன்னால் "இதுக்குச் சம்பளம் வேறயா" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஒரு மலாய்க்காரர். பெயரை எழுதினால் திட்டுவார், அதனால் எழுதவில்லை. ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், நாங்கள் நடக்கும் தடத்தைக் கொஞ்சம் காட்டுப் பக்கமாக நகர்த்தலாமே என்று யோசனை சொன்னார். அங்கே இருவாச்சி வருகிறது, நீர்நாய் தெரிகிறது, இங்கே செம்பனை மட்டைகளைத் தவிர ஒரு மண்ணும் இல்லை என்றார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ பறவை பார்த்துச் சந்தோஷப்பட வந்தாயா, எண்ண வந்தாயா?" என்று கேட்டார். சந்தோஷப்படுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வா, நானும் வருகிறேன், எண்ணுவதென்றால் தடம் நகராது, ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று எழுது என்றார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, எனக்கு நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்தபோதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான் துணை.

சரி, ஆந்தைக்கு வருகிறேன்.

செம்பனைத் தோட்டத்தில் எலி எவ்வளவு பழத்தைத் தின்று தீர்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத்தான் செம்பனைகளுக்கு நடுவே தூண் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்து, கூகை ஆந்தையைக் குடிவைப்பது. வெள்ளை முகத்தோடு எட்டிப் பார்க்குமே, அதேதான். ஒரு ஜோடி குஞ்சு பொரித்துவிட்டால் அந்தப் பகுதியில் எலிக்கு நிம்மதி கிடையாது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு தூணிலும் ஆள் உயரத்தில் கறுப்புப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அந்தப் பெட்டிகளை நம் குழு மாதம் தவறாமல் பார்த்து வந்தது. பிறகு அது என் பொறுப்பில் வந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு நேர் எதிரே ஒரு தூண். அந்தத் தூணால் எனக்கும் பாக்கியத்துக்கும் தீராத சண்டை. பாக்கியம் என்னோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். நான் படித்து வெளியே போனேன், அவள் அதே லயத்தில் இருந்துகொண்டு உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போனாள். அவள் வீட்டு வாசலில் நின்றால் அந்தப் பெட்டியின் வாய் தெரியும். கூகை கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? பழைய சேலையை யாரோ காதருகே பிடித்துக் கிழிப்பதுபோல இருக்கும். ஆந்தை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று நம்புகிறவள் அவள்.

"ஏண்டி கமலா, உனக்கு வைக்கிறதுக்கு வேற எடமே கெடைக்கலியா? எங்க வாசல்லதான் கொண்டாந்து இந்தச் சனியன நடணுமா?"

"நான் நடலடி. எனக்கு முந்தியே இருக்கு."

"அப்பன்னா நீயே புடுங்கிட்டுப் போ."

ஏணியில் நான் ஏறும்போதெல்லாம் கீழே நின்று இந்தப் பாட்டைப் பாடுவாள். இறங்கியதும் தேத்தண்ணியும் கொடுப்பாள். அவளுடைய பூனை மணி என் ஏணியின் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்.

பிறகு புது மேனேஜர் வந்தார். நம்மவர்தான், ஈப்போ பக்கம். சுறுசுறுப்பான மனிதர், மரியாதையாகவும் பேசுவார். வந்த கையோடு எலிக்குப் புதிய மருந்து இறக்கினார். நீல நிறத்தில் மெழுகுக் கட்டி. ஒவ்வொரு செம்பனை அடியிலும் ஒன்று போட்டுக்கொண்டே போனார்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிக்க ஆந்தைக்கு என்ன கஷ்டம்? பிடித்தது, தின்றது, குஞ்சுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது.

அந்த மாதச் சுற்றில் செம்பனை அடியில் ஓர் ஆந்தை சிறகு விரித்துக் கிடந்தது. அடுத்த சுற்றில் பெட்டிக்குள்ளேயே செத்துக் காய்ந்த குஞ்சுகள். அதற்குப் பிறகு ஏறிப் பார்க்கிற பெட்டியெல்லாம் காலி. ஆற்றோரக் காட்டை ஒட்டிய சில பெட்டிகளில் மட்டும் ஆந்தை இருந்தது, அந்தப் பக்கம் இன்னும் மருந்து போடவில்லை.

எல்லாவற்றையும் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். தோட்டம் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறது என்று சான்றிதழ் கொடுக்க வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வரப்போகிறார்கள் என்று அவர் பரபரப்பில் இருந்தார். நான் கொடுத்ததைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"கமலா மேடம், காலிப் பெட்டிய எதுக்குக் கணக்குல வைக்கறீங்க? யூஸ்ல இல்லாதது பெட்டியே இல்லையே. ஆந்தை இருக்கற பெட்டிய மட்டும் எழுதுங்க. எல்லாப் பெட்டியிலயும் ஆந்தை இருக்குன்னு வரும். உங்களுக்கும் நல்ல பேரு, எங்களுக்கும் நல்ல பேரு."

பொய் எழுதச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இல்லாத ஆந்தையை இருக்கிறது என்று எழுது என்று அவர் கேட்கவே இல்லை. காலிப் பெட்டியை மறந்துவிடு என்றுதான் கேட்டார். உங்களிடமும் இப்படித்தான் கேட்பார்கள். யாரும் கழுத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். காப்பி கொடுத்து, சிரித்துக்கொண்டே, சின்னதாக ஒன்றை விட்டுவிடச் சொல்வார்கள்.

"சார், ஆஸ்பத்திரியில செத்துப்போனவங்கள லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டா, அங்க யாருமே சாகலைன்னு ஆயிருமா?" என்று கேட்டேன்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "யோசிச்சுப் பாருங்க. உள்ள வர்ற பர்மிஷன் நாங்க கொடுத்ததுதான்" என்றார்.

அன்று மாலையே எங்கள் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மைத் தடுக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டால் வேலை சுலபமாகத் தெரியும். "கமலா, அனுமதி போனால் இத்தனை வருஷப் பதிவு அந்த இடத்தில் அறுந்துவிடும். பிறகு ஒட்ட முடியாது. முழு விவரம் நம்மிடம் இருக்கட்டும், அவர்களுக்கு அவர்கள் கேட்டதைக் கொடுப்போம். மேனேஜர் மாறுவார், நாம் இருப்போம்" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கணம் தலையாட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று ஆரம்பித்துவிட்டால், பிறகு ஊருக்குச் சொன்னதுதான் நிற்கும். அலமாரியில் பூட்டி வைத்த உண்மையால் ஓர் ஆந்தைக்கும் பிரயோசனம் இல்லை. அறுந்தால் அறுந்தது என்று எழுதுங்கள், நம் கையால் நாமே அறுக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். காலிப் பெட்டிகளோடு சேர்த்தே முழு அறிக்கையையும் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது கேட்டில் கார்ட் தம்பி கையைப் பிசைந்தான்.

"அக்கா, ஒங்கள உள்ள விடக்கூடாதுன்னு ஆடர். பேரு எழுதி ஒட்டியிருக்கு."

"வேலையா வந்தாதானே விடக்கூடாது? கோயிலுக்குப் போறேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. போங்கக்கா."

இது வெளியாருக்குப் புரியாது, உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியும். எங்கள் முனியாண்டி கோயில் தோட்டத்துக்கு உள்ளே, லயத்தின் கோடியில் இருக்கிறது. ரவாங் அடுக்குமாடிகளுக்குக் குடிபோனவர்கள்கூட வெள்ளிக்கிழமையானால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். எந்தக் கம்பெனி வாங்கினாலும், எந்த மேனேஜர் வந்தாலும், கோயிலுக்குப் போகிறவளைக் கேட்டில் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் அடுத்த நாள் வேலைக்கு ஆள் வராது. கேட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் பாதை லயத்தை ஒட்டித்தான் போகும். தூண்கள் சில அந்தப் பாதையிலேயே நிற்கின்றன.

சாமி என்னை மன்னிக்கும். கையில் தேங்காயும் பூவும் இருந்தாலும், கண் முழுக்கப் பெட்டியைத்தான் தேடியது. பெட்டி இல்லை. காலிப் பெட்டிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மொட்டைத் தூண்கள் மட்டும் நின்றன. நான் ஒவ்வொரு தூணின் கீழும் நின்று, நிமிர்ந்து பார்த்து, பெட்டி அகற்றப்பட்டது, இடம் பார்க்கப்பட்டது என்று குறித்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

கோயில் வாசலில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மணி செத்துப்போச்சுடி. மூக்கு வாயெல்லாம் ரத்தம். ஒரு வாய் தண்ணி குடிக்கல."

மணியை உரச்சாக்கில் சுற்றி ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மேனேஜர் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். "பூனைக்கெல்லாம் கேஸ் எழுதணுமா பாக்கியம்? வேற பூனை வளத்துக்கோ" என்றாராம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீல மருந்து எலி வயிற்றுக்குப் போனதையும், எலி பூனை வயிற்றுக்குப் போனதையும் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்தினாள். வெகுநேரம் எதிரே இருந்த மொட்டைத் தூணையே பார்த்தாள்.

"அப்ப அந்தச் சனியனும் இப்பிடித்தான் செத்துச்சா?"

"இப்பிடித்தான்."

"நான் ஒரு நாளும் அது சாவணும்னு கேக்கலடி. தூரமாப் போய்க் கத்தட்டும்னுதான் கேட்டேன்" என்றாள்.

தணிக்கைக்கு நாள் குறித்தார்கள். மொட்டைத் தூண்கள் நின்றால் கேள்வி வரும் என்று மேனேஜருக்குத் தோன்றியிருக்கிறது. டிராக்டரில் சங்கிலி கட்டி அந்தத் தூண்களையெல்லாம் பிடுங்கச் சொல்லி, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கோபால் அண்ணனுக்கு ஆடர் போட்டார். தூணும் போய்விட்டால் அங்கே பெட்டி இருந்ததற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

மறு வாரம் கோயிலுக்குப் போகும் சாக்கில் போனேன். பாதை திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். தூண்கள் அத்தனையும் நின்றன. அடி முதல் ஆள் உயரத்துக்கு மேல் வரை மஞ்சள். நடுவில் குங்குமப் பொட்டு. இடுப்பில் மஞ்சள் துணி, அதில் வேப்பிலை. லயத்துக்கு எதிரே இருந்த தூணுக்கு எலுமிச்சம்பழ மாலையே போட்டிருந்தது.

பாக்கியத்தின் வேலை. வேலை முடிந்த மத்தியானத்தில் வாளி நிறைய மஞ்சளைக் குழம்பாகக் கரைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் ஏன் எதற்கென்று கேட்காமல் கூடவே போயிருக்கிறார்கள். டிராக்டரோடு வந்த கோபால் அண்ணன் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாராம். கூட வந்த வங்காளதேசத்துத் தம்பிகளும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்கள். மேனேஜரிடம் போய் அண்ணன் சொன்னது தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

"சார், என்னைய வேலையவிட்டு வேணா தூக்கிருங்க. மஞ்சப் பூசினதுல நான் கை வைக்க மாட்டேன். புடுங்கித்தான் ஆவணும்னா நீங்களே வந்து மொதக் கைய வைங்க."

மேனேஜரும் நம்மவர்தானே. அவரும் கை வைக்கவில்லை.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு உள்ளே ஏதோ உறுத்தியது. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிப் பிழைப்பவள். இங்கே பொய்யான ஒரு சாமி என் தூணைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. பாக்கியத்தைக் கேட்டேன். "சாமிக்குத்தம் ஆயிராதாடி?"

"முனியாண்டிகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன். அவருக்குத் தெரியும், நான் யாருக்காகச் செய்யறேன்னு. ஒன் ஆந்தைக்காக இல்ல, என் மணிக்காக" என்றாள். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நீங்களே விவாதித்துக்கொள்ளுங்கள்.

தணிக்கை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அர்ச்சனைத் தட்டோடு காலையிலேயே கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று லயத்துக்காரர்களுக்கு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டிருந்தார்கள். பாக்கியமும் வந்து சேர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மேனேஜரும், தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு அம்மையாரும் இறங்கினார்கள். ஆற்றோரப் பெட்டிகளைக் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்கள், அம்மையார் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. லயத்துக்கு எதிரே இருந்த தூணைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார்.

"இவை என்ன? வழியெல்லாம் பார்த்தேனே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேனேஜருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "தொழிலாளர்களின் மத வழக்கம். நாங்கள் அவர்களுடைய நம்பிக்கையை மதிக்கிறோம்" என்றார். அம்மையார் தலையாட்டி, பாராட்டும் விதமாக ஏதோ குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

எந்த மஞ்சள் தூணைக் காப்பாற்றியதோ, அதே மஞ்சளைக் கொண்டே அவர் தூணை மறைத்துவிட்டார். இப்போது நான் வாயைத் திறந்தால், வேலையாக உள்ளே நுழைந்தவள் ஆவேன். அனுமதி நிரந்தரமாகப் போகும், என் வேலையும் போகலாம். திறக்காவிட்டால் எல்லாம் சரி என்று சான்றிதழ் போகும், நீல மருந்து ஆற்றோரத்துக்கும் போகும், மிச்சமிருக்கிற ஆந்தைகளும் போகும். இதற்கெல்லாம் எந்தப் பயிற்சியிலும் பாடம் கிடையாது.

அதற்குள் பாக்கியம் என் கையைப் பிடித்து இழுத்தாள். மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் சுத்தமாக வராது. "என்னடி சொல்றான் அந்தாளு?"

சொன்னேன். அவள் எழுந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். நேராகத் தூணிடம் போய், எலுமிச்சை மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக் கோயில் படியில் வைத்தாள். பிறகு அந்தத் துண்டைக் கோயில் வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் நனைத்துத் தூணைத் துடைக்க ஆரம்பித்தாள். கோபால் அண்ணன் பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஏய் பாக்கியம், என்ன பண்ற? சாமிக்கு ஆவாது!"

"நான் பூசினது, நானே தொடைக்கிறேன். குத்தம்னா என்னைக் கேக்கட்டும்."

அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் வழிந்து அவள் கை, கால், பாவாடை எல்லாம் ஆனது. உள்ளேயிருந்து கறுப்புப் பெயிண்டில் எண் வெளியே வந்தது. சற்று முன்பு ஆற்றோரத் தூண்களில் அம்மையார் பார்த்த அதே கறுப்பு, அதே கையெழுத்து.

பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். "சொல்லுடி கமலா. நான் சொல்றத அப்பிடியே சொல்லு. இது சாமியும் இல்ல, பூதமும் இல்ல. இது மேல ஆந்தைப் பொட்டி இருந்துச்சு. இவங்க போட்ட நீல மருந்துல ஆந்தையும் செத்துச்சு, என் பூனையும் செத்துச்சு. பொட்டியக் கழட்டிட்டாங்க. தூணையும் புடுங்கப் பாத்தாங்க. நான்தான் மஞ்சப் பூசி நிறுத்தி வெச்சேன்."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. என் கோபத்தை அதில் கலக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மையார் என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்.

யார் என்று சொன்னேன். மாதாமாதம் இந்தப் பெட்டியை ஏறிப் பார்த்தவள், பெட்டி போன பிறகும் இந்த இடத்தைப் பார்க்கிறவள், இதையும் சேர்த்து எல்லாக் காலிப் பெட்டிகளையும் எழுதி இவரிடம் கொடுத்தவள் என்று சொன்னேன். மேனேஜர் தமிழில், "இனிமே இந்தக் கேட்டுக்குள்ள கால வெச்சிப் பாருங்க" என்றார். "வெள்ளிக்கிழமை வருவேன் சார்" என்றேன். அம்மையார் மேனேஜர் பக்கம் திரும்பி, மற்ற மஞ்சள் தூண்களுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். கோபால் அண்ணன் பாக்கியம் கையிலிருந்து ஈரத்துண்டை வாங்கிக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஏறினார்.

சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். நீல மருந்தை எடுக்கச் சொன்னார்கள். பெட்டிகள் திரும்ப ஏறின, நம் குழுவுக்கு அனுமதியும் திரும்பக் கிடைத்தது. இது வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்தைகள் ஆடர் போட்டால் வருவதில்லை. மாதங்கள் போயின, வருஷம் திரும்பியது, பெட்டிகள் காலியாகவே இருந்தன. பாக்கியத்தை உதிரிப்பழ வேலையிலிருந்து எடுத்து உரம் போடும் வேலைக்கு மாற்றினார்கள், முதுகு ஒடியும் வேலை. என்னைத் தோட்டப் பொறுப்பிலிருந்து எடுத்து, பாகான் நக்கோடா ஓமாருக்கு அனுப்பினார்கள், கடற்கரைச் சேற்றில் நாரை எண்ணுவதற்கு. தண்டனையாம்! நான் ஆசையாகத்தான் எண்ணினேன். அங்கேயும் ஒன்றும் வராத நாளில் ஒன்றும் வரவில்லை என்றே எழுதினேன். என் இடத்துக்கு வந்த பிள்ளையிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். காலிப் பெட்டிக்கும் ஏணி வை, ஒன்றைக்கூட விடாதே. அவளும் விடவில்லை.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு காலையில் பாக்கியம் போன் செய்தாள். எடுத்ததும் திட்டுதான்.

"ஏண்டி, ஒன் சனியன் வந்துருச்சு! ராத்திரி பூராக் கத்தித் தொலைக்குது. கண்ணு மூட முடியல லா."

"எந்தத் தூணுடி?" என்றேன்.

"எது? வாசலுக்கு எதிருல, நான் தொடைச்சேன்ல, அதேதான்."

"கீழ போய்ப் பாரு. எலி முடியும் எலும்புமா உருண்டை உருண்டையா கக்கிப் போட்டிருக்கும்."

"கெடக்கு, கெடக்கு. ஒரே நாத்தம். நாந்தான் கூட்டணும்."

நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். தம்பி, நீங்கள் கேட்டீர்களே, டைம் வேஸ்ட் என்று. அந்தப் பெட்டிகளை அன்றே கணக்கிலிருந்து எடுத்திருந்தால், போனில் பாக்கியம் சொன்னதற்கு ஓர் அர்த்தமும் இருந்திருக்காது. போகவே இல்லாதது எப்படித் திரும்பி வரும்? இந்தத் தோட்டத்தில் ஆந்தை எப்போதும் இருந்தது என்று அச்சடித்து மாட்டியிருப்பார்கள், செத்தவையும் இல்லை, கொன்றவரும் இல்லை என்று ஆகியிருக்கும். அந்தக் காலி மாதங்கள் ஒவ்வொன்றையும் எழுதி வைத்ததால்தான் அது திரும்பி வந்தது என்று நாம் சொல்ல முடிகிறது. போய் ஏறுங்கள். காலியாக இருந்தால் காலி என்று எழுதுங்கள். யாராவது காப்பி கொடுத்துக் கேட்டால் காப்பியைக் குடித்துவிட்டு எழுதுங்கள்.

பாக்கியம் போனில் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கொஞ்சம் சீண்டிப் பார்த்தேன்.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா சொல்லு. ஆபீஸ்ல பேசி அந்த ஒரு பொட்டிய மட்டும் கழட்டச் சொல்றேன்."

அந்தப் பக்கம் குரல் மாறி வந்தது.

"கழட்டுவியா? எவனாச்சும் ஏணியத் தூக்கிட்டு வரட்டும். மஞ்ச வாளி இன்னும் எங்கிட்டதான் இருக்கு."